ஏடும் அச்சும் திரையும்
(ஆண்டு விழாவில் மாணவர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)





இவ்விழாவிலே மாணவர் சார்பிற் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, எதைப்பற்றிப் பேசுவது என்று கேட்டோம். "பெரியவர்கள் எல்லாரும் பிள்ளைகளின் கையிலிருக்கும் போனைப்பற்றியே முறையிடுகிறார்கள், அதற்கு ஒரு மறுமொழி சொல்லுங்கள்" என்றார். மறுமொழி சொல்லவே ஆயத்தஞ் செய்யத் தொடங்கினோம். ஆனால் எண்ண எண்ண, அம்மறுமொழி எமது தொண்டையிலே சிக்கிக்கொண்டது. ஆகவே இன்று நீங்கள் கேட்கப்போவது வாதமன்று. ஏறக்குறைய ஒரு குற்ற ஒப்புதல். சிறியோர் சொல்லிற் குறை காணின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

புதிய கருவி ஒன்று வந்தால் இளையவர்கள் ஓடிச்சென்று பற்றிக்கொள்வார்கள். முதியவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். இப்படித்தான் பொதுவாக எல்லோரும் எண்ணுகிறோம். அமெரிக்கராகிய மார்க் பிரென்ஸ்கி என்பவர் 2001 ஆம் ஆண்டிலே இவ்வெண்ணத்துக்கு ஒரு பெயரும் சூட்டினார். கணினியோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அந்நாட்டின் சுதேசிகளாம். பின்னர் வந்து பழகிய பெரியவர்கள் குடியேறியவர்களாம். கேட்பதற்கு இனிமையான உவமைதான். ஆயின் பிறந்த ஆண்டை மட்டும் வைத்து மனிதரை இப்படி இரு கூறாக்கலாமா என்று கல்வியாராய்ச்சியாளர் பலர் பின்னர் வினவியிருக்கின்றனர். நாமோ அவ்வினாவை எழுப்பவில்லை. எம்மைச் சுதேசிகள் என்று சொன்னபோது மகிழ்ந்து தலை நிமிர்ந்தோம். அந்த நிமிர்ச்சி எங்கே குனிந்தது என்பதைப் பின்னர் சொல்வோம்.

முதலிலே நம் ஊரின் பழைய கதையொன்றைப் பார்ப்போம். அது ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த கதை.

நாம் படித்தது மிஷன் பாடசாலை ஒன்றில். இச்சபையிலே அதைச் சொல்வதற்கு நாம் கூசவில்லை. ஏனெனில் ஆறுமுக நாவலர் அவர்களும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராக இருந்து, பேர்சிவல் பாதிரியாருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவி புரிந்தவர். அச்சுப்பொறி என்னும் கருவி எத்துணை வலிமையுடையது என்பதை எதிரணியின் கூடாரத்துக்குள்ளே இருந்தே அவர் கண்டார். 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சென்னைக்குக் கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது 26. எம்மினும் இரண்டு மூன்று வயதே மூத்தவர்!

பனையோலையிலே எழுத்தாணி கொண்டு எழுதிப் படித்த சமூகத்துக்கு அச்சு அந்நியமான பொருள். ஆயின் பாலபாடம் ஒன்றை ஓலையிலே எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க முடியும்? அச்சிலே ஆயிரம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அவர் அக்கருவியை ஏற்றது அது புதியது என்பதற்காகவன்று. ஏழைப் பிள்ளையின் கையிலும் புத்தகம் போய்ச் சேரும் என்பதற்காகவே. இன்னுமொன்றையும் கவனிக்க. பிழையறப் பதிப்பித்தவர் என்று அவரை உலகம் புகழ்கிறதே, அப்பிழையின்மை யந்திரத்திலிருந்து வந்ததா? பழைய ஏடுகளைப் படிக்கத்தெரிந்த புலமையிலிருந்து வந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் அவ்வாறே. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே மேனாட்டுக் கல்வி பெற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னர் செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரிந்து பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். இளமையின் துணிவும் முதுமையின் அறிவும் ஒரே மேசையில் அமர்ந்தபோதுதான் அச்சு நமக்கு உரியதாயிற்று.

அதே காலத்தில், 1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக் கொடுத்தார். மாணவன் கருவியிடம் போக மொழி தடையாக நின்றால், கருவியை மாணவனின் மொழிக்குக் கொண்டுவரவேண்டும் என்பது அவர் கண்ட வழி. இவற்றையெல்லாம் பாடப்புத்தகத்திலே படித்துப் புள்ளி வாங்கிய நாம், எமது முறை வந்தபோது என்ன செய்தோம்?

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோய் காரணமாக இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. சில கிழமைகளுக்குள்ளே விரிவுரைகள் இணையத்துக்கு மாறின. லேர்ன் என்று அழைக்கப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, ஸூம் வகுப்புக்களை எல்லாப் பல்கலைக்கழகங்களும் நடத்த வழி செய்தது. அவ்வலையமைப்பின் ஊடாகப் படிப்பதற்கு டேட்டாக் கட்டணம் இல்லாமலும் அந்நாளில் ஒழுங்கு செய்யப்பட்டது. வறிய நாடொன்றுக்கு இது சிறிய சாதனையன்று. ஆனால் கட்டணமில்லாத டேட்டா, கோபுரமில்லாத ஊருக்குச் சிக்னலைக் கொண்டுவராது; போன் இல்லாத வீட்டுக்குப் போனைக் கொண்டுவராது.

நாம் பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைத்தது 2021 இல். அடியெடுத்து வைத்தோம் என்பதும் பொய். வீட்டு விறாந்தையில் இருந்தபடி திரையைத் திறந்தோம். எமக்கு ஒரு பாடம் எடுத்தவர் ஓய்வுபெறும் வயதை அண்மித்த விரிவுரையாளர் ஒருவர். முதல் வகுப்பிலேயே, "பிள்ளையள், எல்லாற்றை வீட்டிலையும் சிக்னல் இருக்கோ? நான் பாடத்தைப் பத்துப் பத்து நிமிசமாப் பேசிப் பதிஞ்சு வட்ஸ்அப்பில விடுறன். குறிப்பைத் தபாலில அனுப்புறன். என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்.

தபாலில் அனுப்பப்போகிறாராம்! நாம் சிரித்தோம். மைக்கை மூடிவிட்டுத்தான் சிரித்தோம், ஆனாலும் சிரித்தோம். ஸூமை இயக்கத் தெரியாமல் மனிதர் சாட்டுச் சொல்கிறார் என்று எமக்குள்ளே பேசிக்கொண்டோம். நேரடி ஒளிபரப்பு வகுப்பே வேண்டும் என்று கூகிள் படிவம் ஒன்றை அமைத்து வாக்கெடுப்பு நடத்தினோம். பெரும்பான்மையோர் நேரடி வகுப்பையே விரும்பினர். பத்துப்பேரளவில் மறுமொழி தரவில்லை. மறுமொழி தராதவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதி, முடிவை அவருக்கு அனுப்பினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த கிழமை தொடக்கம் தட்டுத்தடுமாறி ஸூமில் வந்தார்.

அந்தப் பத்துப்பேரில் ஒருவன் வன்னியிலே ஒரு கமக்காரரின் மகன். பின்னாளில் எமது நெருங்கிய நண்பனானவன். அவர்களுடைய வீட்டில் இருந்தது ஒரேயொரு போன். அதிலேதான் தங்கையும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். சிக்னல் வேண்டுமாயின் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்கு ஏறவேண்டும். மாரி தொடங்கியதும் அதுவும் இல்லை. அப்பாடத்தில் வரவு போதாமையால் அவனைப் பரீட்சைக்கு இருத்தவில்லை. அடுத்த ஆண்டில் எழுதிச் சித்தியடைந்தான். ஆயினும் எமது விதிப்படி மீண்டும் எழுதுவோருக்கு உயர்ந்த தரம் கிடையாது. வகுப்புச் சித்திக்குரிய மூளையுள்ளவன், சாதாரணச் சித்தியோடு வெளியேறப் போகின்றான்.

பல்கலைக்கழகம் திறந்த பின்னர் ஒருநாள் சிற்றுண்டிச்சாலையிலே இருந்து கதைத்தபோது, அந்த வாக்கெடுப்பைப்பற்றி அவனிடம் கேட்டோம். அவன் கோபிக்கவில்லை. "மச்சான், நீங்கள் வோட்டுப் போட்ட அண்டைக்குப் போன் அப்பாவோட வயலில நிண்டது" என்றான்.

பெரியோர்களே, சகோதரர்களே, அந்த ஒரு வசனத்துக்குப் பிறகுதான் நாம் சிந்திக்கத் தொடங்கினோம். சிக்னல் உள்ளவர்களிடம் மட்டும் "சிக்னல் உண்டா?" என்று கேட்டு, எல்லாருக்கும் உண்டு என்று தீர்ப்பெழுதினோம். கருவியை அறியாதவர் என்று நாம் எள்ளிய அந்த முதியவர் ஒருவரே, கருவி இல்லாதவனைப்பற்றி எண்ணியிருந்தார்.

அவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? 2022 ஆம் ஆண்டிலே அதற்கு விடை கிடைத்தது. நாடு கடன் தீர்க்க மாட்டாமல் தத்தளித்த ஆண்டு அது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் முந்நூற்றறுபது ரூபாவளவுக்கு ஏறியது. 500 டொலர் பெறுமதியான மடிக்கணினியை ஒரு இலட்சத்துக்கு வாங்கலாம் என்று காசு சேர்த்த மாணவன், மூன்று மாதத்தில் அதற்கே ஒரு இலட்சத்து எண்பதாயிரம் தேட வேண்டியதாயிற்று. மின்வெட்டு வேளைகளில் படங்காட்டும் கருவியின்றி இளைய விரிவுரையாளர் சிலர் வகுப்பை ஒத்திவைத்தனர். இந்த முதியவர் சோக்கட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். யன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் பாடஞ் சொன்னார்.

அன்று அவரைச் சூழ்ந்து நின்று கேட்டோம். 1990 ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாட்டிலே பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில் தாம் மாணவராயிருந்த கதையைச் சொன்னார். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கு; பற்றரி கிடையாமையாற் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு மின்சாரம் எடுத்தமை; ஒரே பாடநூலைப் பங்குபோட்டுக் கையாற் பிரதிசெய்தமை. இச்சபையிலுள்ள பெரியோர் பலரும் அவ்விளக்கிலே படித்தவர்கள்தாமே! இவர்களையா நாம் புதுமைக்கு அஞ்சுவோர் என்றோம்? இல்லாமையின் நடுவிலே கருவி செய்து வாழ்ந்த தலைமுறை இது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே இரவில் எரிந்ததைக் கண்ட தலைமுறையுங்கூட. ஒரே இடத்தில் ஒரே வழியில் வைத்திருப்பது அழிந்துபோகலாம் என்பது அவர்களுக்குப் பட்டறிவு. ஒளிபரப்போடு தபாலையும் அவர் கேட்டதற்குக் காரணம் அதுவே.

இனி முதியவர்களிடத்துக் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதையும் ஒளியாமல் சொல்வோம்.

பிரெட் டேவிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1989 ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டார். ஒருவர் ஒரு கருவியை ஏற்பதற்கு இரண்டு எண்ணங்கள் வேண்டும்: இது எனக்குப் பயன்படும் என்பது ஒன்று, இதைக் கையாள்வது எனக்கு எளிது என்பது மற்றொன்று. எமது நாட்டின் நிலையில் மூன்றாவதாக, இது எனக்குக் கிட்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். எமது விரிவுரையாளருக்குப் பயன் தெரியும், கருவியும் கிட்டியது. இரண்டாவதிலேதான் தடை. முப்பது ஆண்டுக் குறிப்புக்களையும் பாமினி எழுத்துருவிலே வைத்திருந்தார். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அவற்றைத் திறந்தால், தமிழ் தோன்றாது. பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் வரிசையாய் நிற்கும். அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றித் தரமுடியுமா என்று ஒருநாள் எம்மிடம் கேட்டார். எப்பொழுது கேட்டார் தெரியுமா? எல்லாரும் போனபின், மாலை ஐந்து மணிக்கு, கதவைச் சாத்திவிட்டு.

ஏன் கதவைச் சாத்தினார்? மூப்பினால் அன்று; வெட்கத்தினால். பிழைவிட்டுப் படிக்கும் உரிமை மாணவனுக்கு உண்டு. ஆசிரியரோ, தகப்பனாரோ, சங்கத் தலைவரோ பிழைவிட்டால் பார்த்துச் சிரிக்க நாம் காத்திருக்கிறோம். நாம் சிரிப்பதை நிறுத்தினால் பாதித் தடை நீங்கிவிடும். மீதித் தடையைப் பெரியோர் நீக்கவேண்டும். மகனிடம் கேட்பது மானக்குறைவு என்று எண்ணாதிருத்தல் வேண்டும்.

அந்த மாலைகளில் நாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவை சில. அவரிடமிருந்து கற்றவை பல. அவர் பழைய தட்டச்சு முறையிலே பத்து விரலாலும் தமிழை அடிப்பார். தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்த ஆர். முத்தையா அவர்கள் யாழ்ப்பாணத்தவர் என்பதையே அவர் சொல்லித்தான் அறிந்தோம். நாமோ ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டி, கணினி தரும் தமிழை ஏற்றுக்கொள்பவர்கள். ஆகையால் எமது ஒப்படைகளிலே னகரமும் ணகரமும், லகரமும் ளகரமும் இடம்மாறிக் கிடந்தன. வேகம் எம்மிடம் இருந்தது. எழுத்து அவரிடம் இருந்தது.

2022 நவம்பரிலே வெளிவந்த சாட்ஜிபிடி முதலிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இது பொருந்தும். கேட்டவுடன் கட்டுரை எழுதித் தருகின்றன. அவை பிழையையும் மெய்யைப் போலவே தயக்கமின்றிச் சொல்லும். பிழையைப் பிழையென்று காண்பதற்கு முன்னரே பொருளறிவு வேண்டும். அதை உடையவர்கள் அக்கருவியைத் தொடுவதில்லை. தொடுகின்ற எம்மிடம் அது போதாது. ஏட்டை வாசிக்கத் தெரியாதவன் கையிலே அச்சுப்பொறியைக் கொடுத்தாற்போல என்க.

ஆகவே, பேச்சோடு நில்லாமல், இச்சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம்.

முதலாவது: சங்கத்து நூல்நிலையத்திலே இரவல் கொடுக்கும் மடிக்கணினிகள் சில இருக்கட்டும். புத்தகத்தை இரவல் கொடுக்கும் நாம் கணினியைக் கொடுக்கலாகாதா? வெளிநாட்டிலுள்ள எமது பழைய உறுப்பினர்கள் பாவித்து ஒதுக்கியவற்றைக் கேட்போம். இவ்விழாவின் அலங்காரச் செலவில் ஒரு பங்கையும் அதற்கு ஒதுக்குவோம். வாழைமரம் இரண்டு குறைந்தால் விழா குறையாது.

இரண்டாவது: ஞாயிறு மாலைகளிலே ஓர் இளைஞரும் ஒரு பெரியவரும் இணைந்து இருக்கட்டும். கூட்டமாக வேண்டாம், இருவர் இருவராக. முதல் அரை மணி நேரம் இளையவர் கருவியைச் சொல்லிக்கொடுக்க, அடுத்த அரை மணி நேரம் பெரியவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கட்டும். அது பிழைதிருத்தமாகலாம், பழைய கணக்காகலாம், ஏடு வாசிப்பாகலாம். 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூல்நிலையத்திலே ஈழத்து நூல்களும் இதழ்களும் மலர்களும் ஆயிரக்கணக்கில் ஏறியுள்ளன. எமது சங்கத்தின் பழைய மலர்களும் அலுமாரியிலே கறையானுக்கு உணவாகாமல் அங்கே ஏறட்டும். படமெடுக்க நாம் இருக்கிறோம். எதை முதலிற் காக்கவேண்டும் என்று சொல்லப் பெரியோர் இருக்கிறார்கள்.

மூன்றாவது மாணவராகிய எமக்கே உரியது. எந்த வகுப்பிலும், எந்தக் கூட்டத்திலும், புதிய கருவி ஒன்றை நாம் ஏற்குமுன், மறுமொழி தராதவர்கள் யார் என்று பெயர் பெயராக எண்ணிப் பார்ப்போம். அவர்களைத் தேடிச்சென்று கேட்போம். மௌனத்தைச் சம்மதமாக இனி ஒருபோதும் எழுதமாட்டோம்.

எமது நண்பன் இன்று இக்கூட்டத்திலே இருக்கின்றான். பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பேசுவதற்கு உத்தரவு தந்தான். "இதைச் சொல்லி எனக்கு இனி ஒண்டும் வராது, ஆனா என்ர தங்கச்சி அடுத்த வருசம் கம்பசுக்கு வாறாள், அவளுக்காகச் சொல்லு" என்றான். அந்தத் தங்கை வரும்போது, அவளுடைய வகுப்பிலே வாக்கெடுப்பு நடக்கும் அன்று, போன் வயலில் நின்றாலும் அவளுடைய குரல் கேட்கவேண்டும். முதல் மடிக்கணினியை யாருக்குக் கொடுப்பது என்ற வினாவுக்கும் இதிலே விடை உண்டு.

அன்று மைக்கை மூடிச் சிரித்ததற்காக, இங்கே மைக்கின் முன் நின்று மன்னிப்புக் கேட்டு அமர்கின்றோம்.